90 லிட்டர் வீடு

கோல சிலாங்கூரில் காலை ஐந்தரை மணி. வேனுக்குள் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. மோட்டார் மட்டும் ‘கிர்ர்’ என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தால், பின்பக்கம் கால் கழுவுவதற்கென்று இருக்கும் சின்னக் குழாய் சரியாக மூடப்படவில்லை. இரவு முழுக்க வடிந்து, புல்தரை சேறாகிக் கிடந்தது. மோட்டார் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது எனக்கும் தூக்கத்தில் கேட்டதுதான். தவளை என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன். அந்தக் குழாயைக் கடைசியாகத் திறந்தவனும் நான்தான்.

தொட்டியின் கொள்ளளவு 90 லிட்டர். நான்கு பேருக்கு இரண்டு நாள் வர வேண்டிய தண்ணீர்.

ஒன்றும் தெரியாதவன் மாதிரி உள்ளே வந்தேன். அம்மா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். “தண்ணி போச்சா?” என்றார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீல வாளியை இழுத்தார். மூடி போட்ட 15 லிட்டர் வாளி. ததும்பத் ததும்பத் தண்ணீர். மூடிமேல் ஒரு சொம்பு.

அந்த வாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புறப்பட்ட அன்று காலை, “வேன்லதான் குழாய் இருக்கேம்மா, இது எதுக்கு? இடத்தை அடைக்கும்” என்று நான் அதை இரண்டு தடவை வெளியே எடுத்து வைத்தேன். மூன்றாவது தடவை அது எப்படி உள்ளே வந்தது என்று எனக்குத் தெரியாது. நான்கு நாளும் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் அம்மா அதை நிரப்பி வைத்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்ததே அம்மாவுக்காகத்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா தவறிய பிறகு இரண்டு வருடமாக அம்மா எங்கேயும் வரவில்லை. முட்டி வலி. சர்க்கரை இருப்பதால் அடிக்கடிக் கழிவறைக்குப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் அடுத்த ஓய்வுப் பகுதி எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டே காரில் உட்கார்ந்திருப்பது ஓய்வல்ல என்பார். படுக்கை, அடுப்பு, கழிவறை மூன்றையும் கூடவே கொண்டுபோகிற வண்டி என்றதும் “சரி, பாப்போம்” என்றார். அம்மா அகராதியில் அது பெரிய சம்மதம்.

வாடகை ஓர் இரவுக்கு 400 வெள்ளியைத் தாண்டியது. ஓட்டுவதற்குச் சாதாரண டி உரிமமே போதும். டீசல் வண்டி என்பதால் கணக்குப் பார்த்துத்தான் ஓட்டினேன். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் ஒரே இரவில் லிட்டர் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறிய செய்தியை நானே ஒலிபரப்பில் வாசித்தவன். முதல் இரண்டு இரவு லூமுட் பக்கம் கடலோரம். மூன்றாம் நாள் மேற்குக் கரைச் சாலையில் சபாக் பெர்ணம், செகிஞ்சான் வயல்வெளி வழியாக இறங்கிவந்து, இரவு கோல சிலாங்கூரில் மின்மினி பார்த்தோம். நான்காம் நாள் மாலை ஏழு மணிக்குள் வேனைக் கோலாலம்பூரில் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சில வேலைகளை முடித்து, ஊரையும் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பது என்று திட்டம். சொந்த ஊரையே சுற்றுலாப் பயணியாகப் பார்க்கலாமே என்று ஒரு நினைப்பு.

அம்மா அந்த ஒரு வாளியில் நான்கு பேரின் காலையையும் முடித்துவிட்டார். ஆளுக்கு ஒன்றரைச் சொம்பு. பல் தேய்க்க, முகம் கழுவ. டீக்குத் தனியாக அளந்து எடுத்தார். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டவில்லை. இரவு வைத்திருந்த தட்டுகளை அதில் முதல் அலசு அலசி, நல்ல தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தார். எல்லாம் முடிந்தும் வாளியில் நான்கு விரல் தண்ணீர் மிச்சம். மலேசியர் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 200 லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவழிக்கிறார் என்று நிகழ்ச்சியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணை ஒரு சொம்புக்கு எதிரில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா சொன்னார்: “தம்பி, என்னைக் கிள்ளான்ல எறக்கி விட்டுடு. பஸ்ஸப் புடிச்சு நான் வீட்டுக்குப் போயிக்கிறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. என்னம்மா, ஏதும் குறையா, முட்டி வலியா என்று நான் அடுக்கிக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா” என்று தட்டுகளைத் துடைக்கப் போய்விட்டார். வெளியே வந்து நின்றேன். மனைவி பின்னாலேயே வந்தாள்.

“மூணு நாள்ல அத்தை ஒரு தடவையாவது கடலைப் பாத்து உக்காந்தாங்களா?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். லூமுட்டில் நான் எடுத்த எழுபது எண்பது படங்களில் அம்மா இரண்டில் இருக்கிறார். ஒன்றில் அடுப்பு முன்னால், இன்னொன்றில் துணி காயப்போட்டுக்கொண்டு. வீட்டில் என்ன செய்வாரோ அதையேதான் இங்கேயும் செய்திருக்கிறார். வித்தியாசம் இவ்வளவுதான்: இங்கே சமையலறை நான்கடி. நிமிர்ந்தால் தலை இடிக்கும். “நானும் சேத்துத்தான் சொல்றேன்” என்றாள் மனைவி. “உங்களுக்கும் பாப்பாவுக்கும்தான் இது லீவு.”

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பத்து வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்து பேசியே சம்பாதிக்கிறவன்.

அன்றைய வேலைகளின் பட்டியலை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். தண்ணீர் நிரப்புவது, துணி துவைப்பது, கழிவறைப் பெட்டியைக் காலி செய்வது, டீசல், வேனைச் சுத்தம் செய்வது எல்லாம் என் பக்கம். “இன்னைக்கு நீங்க மூணு பேரும் சுத்திப் பாக்குறீங்க. எங்கம்மா போகணும், சொல்லுங்க” என்றேன். அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லையோ என்னவோ. கடைசியில், “மிளகா அரைக்கணும்” என்றார். இருக்கைக்கு அடியில் வாளிக்குப் பக்கத்தில் மூன்று கிலோ காய்ந்த மிளகாய், இரண்டு கிலோ மல்லி, சோம்பு, சீரகம் எல்லாம் வறுத்துக் கட்டிய பை இருந்தது! நான்கு நாளாக வேனுக்குள் வந்த வாசனைக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. கிள்ளான் மில்லில் அரைத்தால்தான் தூள் நன்றாக இருக்குமாம்.

“அது வேலைம்மா. பாக்குறதுக்கு?”

“அந்த ரெட்டப் பாலம் இருக்குல்ல, அதுக்குக் கீழ நடக்கணும். அப்புறம் வர்ற வழியில புக்கிட் ராஜா.”

ஜெராம், காப்பார் வழியாக வந்தோம். காப்பார் சாலையில் இன்று இரு பக்கமும் தொழிற்சாலை, கிடங்கு, கண்டெய்னர் லோரி. ஒரு காலத்தில் இதெல்லாம் பால்மரக் காடு. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-இல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பாடத்தில் அதிகம் படிப்பதில்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. சம்பள உயர்வோடு நின்றுவிடாமல், தொழிலாளர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதை ஓட்டிக்கொண்டே மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னாலிருந்து, “எங்க தாத்தா சொல்லியிருக்காரு. எறங்குறது மட்டும் இல்ல, துரை கண்ணுக்கு மறையற வரைக்கும் நிக்கணுமாம்” என்றார். எட்டு வயது மகளுக்கு இது புரியவே இல்லை. “ஏன் பாட்டி, ரோட்டுல இடம் இல்லையா?” என்று கேட்டாள்.

அம்மா பிறந்து வளர்ந்தது புக்கிட் ராஜா தோட்டத்தில். இப்போது அது பண்டார் புக்கிட் ராஜா. இரட்டை மாடி வீடுகள், வட்டச் சாலைகள், வரிசை வரிசையாக நட்ட மரங்கள். அழகான ஊர்தான். அம்மா முன்னிருக்கைக்கு வந்து உட்கார்ந்து, “இப்படிப் போ, இல்ல, அப்படிப் போ” என்று வழி சொன்னார். ஒரே வட்டத்தை மூன்று முறை சுற்றினோம். லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கோயில், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம் என்று அம்மாவின் மனதில் இருக்கும் வரைபடத்தில் உள்ள எதுவும் வெளியே இல்லை. ஒரு மினி மார்க்கெட் முன்னால் நிறுத்தச் சொன்னார். “இங்கதான் குழாய் இருந்திச்சின்னு நெனைக்கிறேன். சரியாத் தெரியல.”

லயத்து வரிசைக்கு ஒரே குழாய். பெரட்டுக்கு முன்னால், இருட்டோடு இருட்டாகப் பாட்டியும் தாத்தாவும் மரம் வெட்டக் கிளம்பிவிடுவார்கள். மூத்த பெண்ணான அம்மாதான் வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வைக்க வேண்டும். ஒன்பது வயதில். ஆளுக்கு இத்தனை வாளி என்று கணக்கு. தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வரும்போது பிடித்து வைத்துவிட வேண்டும். “ராத்திரி வாளி நெறஞ்சிருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார் சாதாரணமாக, ஏதோ தலையணை உயரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

எனக்கு 1998 ஞாபகத்துக்கு வந்தது. எல் நீனோ வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு. அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் அடுக்குமாடிக்குத் தண்ணீர் லோரி வரும். மற்ற வீடுகளில் சண்டையும் சத்தமுமாக இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. 2014-இல் மறுபடியும் பங்கீடு வந்தபோதும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றபோதும் அப்படித்தான். எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

கிள்ளான் ஆற்றின் வடகரையில் வேனுக்கு ஓர் இடம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. உயரம் 2.8 மீட்டர். கூரை போட்ட எந்த நிறுத்துமிடமும் உதவாது. பேரங்காடி வாசல்களில் தொங்கும் 2.1 மீட்டர் கம்பியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. திறந்தவெளியில் இரண்டு பெட்டிகளை அடைத்து நிறுத்தி, இரண்டுக்கும் கட்டணம் கட்டினேன். பிறகு நால்வரும் கோத்தா பாலத்துக்கு நடந்தோம்.

1960-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட பாலம். அம்மாவுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. மேல்தளம் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று இரண்டு அடுக்காகக் கட்டினார்கள். தென்கிழக்காசியாவிலேயே முதல் இரட்டைத் தளப் பாலம் என்று கிள்ளான்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1990-களில் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பெரிய வண்டிகளின் கூட்டம் அங்கே போய்விட்டது. கீழ்த்தளத்தில் இறங்கினால் வெயில் சட்டென்று நின்றுபோகிறது. தூண்களுக்கு நடுவே ஆற்றுக் காற்று. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஆனால் பாதியில் நின்று, கம்பியைப் பிடித்து ஆற்றைப் பார்த்தார். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தாத்தா இதே வழியாகத்தான் அவரைக் கிள்ளானுக்குக் கூட்டி வருவாராம். போகும்போது வெறுங்கை. வரும்போது ஒரு கையில் மீன், இன்னொரு கையில் அம்மா. அன்று அம்மா அங்கே நின்றது பத்து நிமிடம் இருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தென்கரையில் அவர்களை விட்டுவிட்டு நான் தனியாகத் திரும்பினேன். இனி என் பட்டியல்.

முதலில் துணி. தானியங்கி டோபி கடையில் துவைக்க 6 வெள்ளி, காயவைக்க 5 வெள்ளி. ஐம்பது நிமிடம். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் நான்கு பெண்கள், வேலை முடித்து வந்த இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள், நான். படுக்கை விரிப்பைத் தனியாக மடிக்க முடியாமல் நான் திண்டாடுவதைப் பார்த்து ஒரு மலாய் அம்மா வந்து மறுமுனையைப் பிடித்தார். மூலையோடு மூலை சேர்த்து, அவர் இரண்டடி முன்னால் வர, நான் இரண்டடி முன்னால் போக, பத்து நொடியில் முடிந்தது. “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று மலாயில் கேட்டார். ஆகிவிட்டது என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்தது தண்ணீர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் இத்தகைய வண்டிகளுக்குத் தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் பொது இடங்கள் ஊர்தோறும் உண்டு. நியூசிலாந்தில் 2023-இல் சட்டத்தையே இறுக்கினார்கள். வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிவறை இல்லாவிட்டால், அது தன்னிறைவு வண்டி என்ற சான்று கிடைக்காது. நம் ஊரில், நாங்கள் போன வழியில், அப்படி ஒரு பொது இடம் என் கண்ணில் படவில்லை. எங்கே போனாலும் யாராவது ஒருவரிடம் “கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டு நிற்க வேண்டும். ஒரு பெட்ரோல் நிலையத்தில் டீசல் போட்டபின் கேட்டேன். பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மெலிந்த ரப்பர் குழாயில் 90 லிட்டர் ஏற இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. வானொலியில் இருபத்தைந்து நிமிடம் என்றால் ஐந்து பாட்டு, இரண்டு விளம்பர இடைவேளை, ஒரு செய்திச் சுருக்கம். அங்கே அது குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது மட்டும்.

கழிவறைப் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அது இருபது லிட்டர் பிடிக்கும் பெட்டி, சூட்கேஸ் மாதிரி வெளியே இழுக்கலாம், கைப்பிடியும் சக்கரமும் உண்டு. சாக்கடையிலோ புதரிலோ கொட்டக் கூடாது, கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்த கழிவறையில்தான் கொட்ட வேண்டும். நிலையத்தின் கழிவறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி 10 வெள்ளியை நீட்டினேன். “காசு வேணாம் தம்பி, சுத்தமா ஊத்திட்டு, நல்லா தண்ணி விட்டுட்டுப் போங்க” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நுழையும்போது, “உங்க குரல எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?” என்றார். நேயர்களே, அந்த நிமிடத்தில் நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் முடித்துவிட்டு வேனைக் கூட்டித் துடைத்து நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. முதுகு விட்டுப்போயிருந்தது. வெறும் ஒரு நாள் வேலை, அதுவும் நான்கடி வீட்டுக்கு.

ஜாலான் தெங்கு கிளானாவில் மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மகள் கையில் முறுக்கு, மனைவி தலையில் மல்லிகை, அம்மா மடியில் சூடு ஆறாத மிளகாய்த்தூள் பொட்டலம். மில்லுக்குப் போய்விட்டு அரச கலைக்கூடத்துக்கும் போயிருக்கிறார்கள். சுல்தான் அப்துல் அஜிஸ் அரச கலைக்கூடம் இருப்பது, 1909-இல் கட்டிய சுல்தான் சுலைமான் கட்டடத்தில். வரைந்தவர் ஏ.பி. ஹப்பக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். நான் இதே தெருவுக்குத் தீபாவளிதோறும் ஒலிபரப்புக்கு வருகிறேன். ஐந்து நிமிட நடை. ஒருநாளும் உள்ளே போனதில்லை. “சுல்தானோட கிரீடம் பார்த்தோம்ப்பா. பாட்டி அங்க இருந்த நாற்காலில உட்கார்ந்து ரொம்ப நேரம் ஏசி வாங்கினாங்க” என்றாள் மகள். அம்மா சிரித்தார். பஸ் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்குத் திரும்பினோம். பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் டோல் கட்டின காலத்தை மனைவிதான் நினைவுபடுத்தினாள். 2018 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து அது இல்லை. நெரிசல் மட்டும் அப்படியே. பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியதும் கோத்தா டாருல் ஏசான் வளைவு. 1974 பிப்ரவரி 1-இல் சிலாங்கூர் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்ததன் நினைவாக எழுப்பியது. அதன் கீழே வேனின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் போக முடிந்தது ஓர் ஆறுதல்.

பிரிக்பீல்ட்ஸில் மறுபடியும் நிறுத்துமிடப் பிரச்சினை. மூன்று சுற்று. நான்காவது சுற்றில் ஒரு பக்கச் சாலையில் இடம் கிடைத்தது. மகளுக்குப் பரத நாட்டியச் சலங்கை, மனைவிக்குத் தையல்காரரிடம் கொடுத்திருந்த ரவிக்கை. மூவரும் கிளம்பினார்கள். “நீங்க வாங்கிட்டு வாங்க. டீ போட்டு வைக்கிறேன்” என்றேன். அம்மா திரும்பி, “இஞ்சி பச்சைப் பையில இருக்கு” என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, “நீயே தேடிக்க” என்று போய்விட்டார்.

பக்கக் கதவைத் திறந்து வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். வெள்ளைக் கைத்தடியோடு இருவர் நடைபாதையில் பேசிக்கொண்டே போனார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. நடைபாதையில் பதித்த மேடு தட்டிய மஞ்சள் கற்களை மறைத்து ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் போனவரின் தடி அதில் பட்டது. அவர் சலித்துக்கொள்ளாமல் சுற்றிப் போனார். எனக்குத்தான் கோபம் வந்தது.

கொதி வரும் நேரத்தில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். “தம்பி, தே எவ்ளோ?”

உணவு வண்டி என்று நினைத்துவிட்டார். “காசு இல்ல ஐயா, உக்காருங்க” என்று மடக்கு நாற்காலியை விரித்தேன். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். பிறந்தது ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ குடியிருப்பில். ரயில்வே ஊழியர்களுக்காக 1915-இல் கட்டியவை அந்த வீடுகள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற ஊர், ரயிலால் வளர்ந்தது. தோட்டத்துக்குத் தெற்கிலிருந்து கூலிகளாக வந்த தமிழர் ஒரு பக்கம் என்றால், ரயில்வேயில் எழுத்தர்களாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் இந்தத் தெருதான் சந்தை. பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய ரயில்வே திடல் இருந்த இடத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தபோது இது ‘லிட்டில் இந்தியா’ ஆனது. “அதுக்கு முன்னாடி மட்டும் இது என்னா, லிட்டில் ஜப்பானா?” என்றார் பெரியவர்.

ஒரு மடக்குக் குடித்தார். “சீனி கூட” என்றார். ஆனாலும் முழுக்கக் குடித்துவிட்டு, குவளையைத் தானே கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நான் எட்டிக் குழாயை மூடினேன். அந்தக் கை எனக்கே புதிதாக இருந்தது.

அம்மா வந்ததும் அதே டீ. அவரும் அதையேதான் சொன்னார். “சீனி கூட.” இரண்டாவது குவளையும் கேட்டார். மகள் சலங்கையைக் கட்டிக்கொண்டு வேனுக்குள் நான்கடி இடத்தில் தையா தை என்று குதித்தாள். வண்டி முழுக்க ஆடியது. பின்னால் வந்தமர்ந்த அம்மா செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, ஜன்னல் வழியாகத் துன் சம்பந்தன் சாலையை வேடிக்கை பார்த்தார். பூக்கடை, பாட்டு, சிக்னலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். அரை மணி நேரம். கையில் துணி இல்லை, கத்தி இல்லை, பாத்திரம் இல்லை. நான் போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேனை ஒப்படைத்தோம். உரிமையாளரின் ஆள் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சுத்தமா யாரும் குடுத்ததில்ல அக்கா” என்று அம்மாவிடம் சொன்னார். “நான் இல்ல, என் பையன்” என்றார் அம்மா. நீல வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை வாசலில் இருந்த காய்ந்துபோன செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, வாளியை வீட்டுக் காரில் ஏற்றினார்.

இரண்டு வாரம் கழித்து, காலை நிகழ்ச்சியில் எனக்கு முன்னால் ஒரு தாள் வந்தது. பராமரிப்புப் பணிக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் நாளை நீர் விநியோகம் தடைபடும், பயனீட்டாளர்கள் தேவையான அளவு நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளவும். இதே வரிகளை நான் எத்தனை நூறு முறை வாசித்திருப்பேன். இந்த முறை பட்டியலில் எங்கள் தாமானும் இருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்தேன்.

“அம்மா, நாளைக்குத் தண்ணி நிக்குதாம். நான் வந்து வாளியெல்லாம் ரொப்புறேன், நீங்க தூக்காதீங்க.”

“ரேடியோல கேட்டேன்பா” என்றார். “நீலத்த ரொப்பிட்டேன். அண்டா உனக்குத்தான் வச்சிருக்கேன்.”